காவிரிக்கரையில் மெயின் கூன்

தஞ்சாவூர்ச் சீமையில் கால்நடை மருத்துவம் என்றால் நெடுங்காலம் மாடும் ஆடும்தான். இரண்டாம் சரபோஜியின் தன்வந்திரி மகாலில் மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் மருந்து செய்தார்கள். சரசுவதி மகாலில் யானைக்கும் குதிரைக்கும் சாத்திரச் சுவடிகள் இருக்கின்றன. 2012-இல் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தபோதும் இந்த வட்டாரம் அதனிடம் முதலில் எதிர்பார்த்தது உழவரின் தொழுவத்துக்கான உதவியைத்தான். பூனை எங்கள் மேசைக்கு வந்தது கடைசியாக. முதலில் பெர்ஷியன் வந்தது, கடைக்காரர்கள் சொல்லும் ‘டால் ஃபேஸ்’, ‘செமி பஞ்ச்’, ‘பஞ்ச் ஃபேஸ்’ என்ற தரப்பெயர்களோடு. இப்போது மெயின் கூன் வருகிறது: முழுநீள முடிக்கும் குறுமுடிக்கும் இடைப்பட்ட, அரைநீள முடி கொண்ட பெரிய அமெரிக்கப் பூனை. அதைத் தூக்கி வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் முடியைச் சுற்றியே இருக்கின்றன. இவ்வளவு முடியோடு இந்த வெயிலில் தாங்குமா? படத்தில் பார்த்த அளவு முடி இல்லையே, கலப்பா? கோடைக்கு மொட்டை அடித்துவிடலாமா? இந்தத் தொழிலில் எனக்கு உறுதிப்பட்டிருக்கும் கருத்து ஒன்று உண்டு. காவிரி டெல்டாவில் இந்த இனத்தைப் பற்றி நமக்கு மிகக் குறைவாகச் சொல்வது அதன் முடிதான். எலும்பும், மூக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக இதயமும்தான் நாம் அறிந்துகொள்ள வேண்டியவை.

இனத்தின் வரலாற்றிலிருந்து தொடங்குவதே முறை. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கடலும் பனியும் சூழ்ந்த மெயின் மாநிலத்தில், களஞ்சியங்களிலும் துறைமுகங்களிலும் எலி பிடித்துப் பிழைத்த பூனைகளிலிருந்து உருவானது இது. ரக்கூன் என்ற விலங்கோடு கலந்து பிறந்தது என்ற கதை உயிரியல்படி நடக்கவே முடியாதது. வளையம் வளையமான அடர்ந்த வாலைப் பார்த்து யாரோ கட்டிய கதை. கப்பல்களில் வந்த நீளமுடிப் பூனைகள் உள்ளூர்ப் பூனைகளோடு கலந்திருக்கலாம் என்பது நம்பத்தக்க விளக்கம். 1895-இல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் நடந்த பூனைக் கண்காட்சியில் கோசி என்ற மெயின் கூன்தான் சிறந்த பூனைக்கான பரிசை வென்றது. பிறகு பெர்ஷியன் மோகம் வந்து இதை ஒதுக்கிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இனமே அழிந்துவிட்டது என்று பேசப்பட்டது. ஆர்வலர்கள் 1968-இல் இதற்கென்றே ஒரு சங்கம் அமைத்தார்கள். 1976-இல் அமெரிக்காவின் பெரிய பூனைப் பதிவு அமைப்பான சி.எஃப்.ஏ. இதைப் போட்டித் தகுதியுள்ள இனமாக ஏற்றது. 1985-இல் மெயின் மாநிலம் தன் அரசுப் பூனையாக அறிவித்தது. அழகுக்காக அறைக்குள் வளர்த்தெடுத்த பூனை அல்ல இது. ஓர் ஊரின் வேலையும் குளிரும் சேர்ந்து வடித்த உடம்பு இது.

இப்படி ஓர் ஊர் ஒரு விலங்கை வடிப்பது டெல்டாக்காரர்களுக்குப் புதிய செய்தி இல்லை. உம்பளாச்சேரி மாடு அப்படி வந்ததுதான். திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துச் சேற்று வயலில் இறங்கி உழ ஏற்ற நடுத்தர உடம்பும் குட்டையான கால்களும் கொண்டது அது. அதன் கன்று பிறக்கும்போது செம்மை நிறத்தில் இருக்கும். ஆறேழு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். மாட்டை அறிந்த உழவர் கன்றின் நிறத்தைப் பார்த்து இனத்தைத் தீர்மானிக்க மாட்டார். நெற்றிச்சுட்டியையும், காலின் வெள்ளையையும், உடற்கட்டையும், தாய் எந்த வழி என்பதையும் பார்ப்பார். மேல்தோல் மாறும், கட்டு மாறாது என்ற அந்த அறிவு இந்த மண்ணில் ஏற்கெனவே இருக்கிறது. பூனை என்று வந்ததும் அதை நாம் கைவிட்டுவிட்டுப் புசுபுசுவென்ற முடியை மட்டும் பார்க்கிறோம்.

நீளமுடி இனத்துக்கு அடையாளம் ஆகாது என்பதற்கு மரபணுவிலேயே சான்று இருக்கிறது. முடி எப்போது வளர்வதை நிறுத்த வேண்டும் என்று சொல்லும் எஃப்.ஜி.எஃப். 5 என்ற மரபணு பழுதுபட்டால் முடி நீளும். பூனைகளில் அந்தப் பழுது நான்கு தனித்தனி வழிகளில் நேர்ந்திருப்பதை 2007-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நீளமுடி ஒடுங்கு பண்பு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் குட்டிக்கு முடி நீளும். ஒரு பிரதி மட்டும் உள்ள பூனை குறுமுடியோடுதான் இருக்கும், ஆனால் அடுத்த தலைமுறைக்கு அதைக் கடத்தும். நகரங்களில் பெர்ஷியன் கடுவன்கள் வெளியே திரிந்தால் அந்தப் பிரதி தெருப்பூனைகளுக்குள் புகுந்து வெளியே தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும். பார்வைக்கு அசல் நாட்டுப் பூனைகளான இரண்டு சேர்ந்து நீளமுடிக் குட்டி போடுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அப்படிப் பிறந்த குட்டியின் காதில் நாலு முடி நீட்டிக்கொண்டிருந்தால் அதை மெயின் கூன் என்று விற்பதும் எளிது. உண்மையான மெயின் கூனைக் கையால் தொட்டு அறியலாம். முகவாய் சதுரமாக, தாடையோடு சேர்ந்து உறுதியாக நிற்கும். மார்பு அகலம். உடல் நீண்ட செவ்வகம். வால் தோள்வரை எட்டும் நீளம். பாதம் பெரிது, விரலிடுக்கில் முடிக்கற்றை இருக்கும். வளர்ந்த கடுவன் ஆறிலிருந்து எட்டு கிலோ, சில அதற்கும் மேல். அந்த உடம்பு முழுதாக நிறைய மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆகும். ஒரு வயதிலேயே பேருடம்பை எதிர்பார்த்து ஏமாந்தோம் என்பவர்கள் அவசரப்படுகிறார்கள்.

முடி குறைவாக இருக்கிறது என்ற புகாருக்கான விடை வானத்தில் இருக்கிறது. பூனை முடி உதிர்ப்பதையும் அடர்ந்து வளர்ப்பதையும் முதலில் ஆள்வது பகலின் நீளம். வெப்பநிலைக்குப் பங்கு உண்டு, அது அடுத்த இடத்தில். மெயின் மாநிலம் ஏறத்தாழ 45 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. அங்கே டிசம்பரின் குறுகிய பகலுக்கும் ஜூன் மாத நீண்ட பகலுக்கும் இடையே கிட்டத்தட்ட ஏழு மணி நேர வேறுபாடு. தஞ்சாவூர் 11 டிகிரிக்குச் சற்றுத் தெற்கே. இங்கே மார்கழிக்கும் ஆனிக்கும் இடையே பகலின் வேறுபாடு ஒன்றேகால் மணி நேரம்தான். வீட்டுக்குள் இரவு பத்து மணி வரை எரியும் விளக்கு அந்தச் சிறிய வேறுபாட்டையும் மழுக்கிவிடுகிறது. ‘குளிர்காலம் வருகிறது, உள்முடியை வளர்’ என்று பூனையின் உடம்புக்குச் சொல்ல இங்கே எதுவும் இல்லை. ஆகவே குளிர்நாட்டுப் படங்களில் காணும் கழுத்துப் பிடரியும் அடர்ந்த உள்முடியும் இங்கே முழுதாக வராது. ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். இது நோயும் அல்ல, கலப்புக்குச் சான்றும் அல்ல. இதே ஒளிக்கணக்கு இன்னோர் இடத்தில் வெளிப்படையாகத் தெரியும். வடநாடுகளில் பெட்டைப் பூனை குளிர்கால மாதங்களில் பருவத்துக்கு வராமல் ஓய்வெடுக்கும். இங்கே அந்த ஓய்வு இல்லை. ஆண்டு முழுவதும் பருவத்துக்கு வந்து கத்தும். அதைச் சாக்காக வைத்துத் தொடர்ந்து குட்டி எடுப்பவர்கள் தாயின் உடம்பை உருக்கிவிடுகிறார்கள். இது என்னை வருத்தும் விஷயம். ஒளி உதிர்வை மாற்றுகிறது என்று ஏற்பவர், ஒளி தாய்க்கான ஓய்வையும் பறித்திருக்கிறது என்பதை ஏற்று, அந்த ஓய்வைத் தாமே கொடுக்க வேண்டும்.

அப்படியானால் வெயில் ஒரு பொருட்டே இல்லையா என்று கேட்கலாம். குளிர்நாட்டு விலங்கை இங்கே கொண்டுவருவதே கொடுமை என்ற கண்டனம் நல்ல மனத்திலிருந்து வருவது. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியாவின் வறண்ட நிலத்துக் காட்டுப் பூனை. வெப்பத்தைச் சமாளிக்கக் கூடுதலாக உழைக்கத் தேவையில்லாத சூழல் பூனைக்கு 30 முதல் 38 டிகிரி வரை என்று ஊட்டவியல் நூல்கள் குறிக்கின்றன. நமக்குப் புழுக்கமாகத் தோன்றும் நேரத்தில் பூனை சுகமாகப் படுத்திருப்பது அதனால்தான். ஆனால் டெல்டாவில் வெப்பத்தோடு ஈரமும் சேர்ந்துகொள்கிறது. பூனைக்கு வியர்வை உள்ளங்காலில் மட்டுமே. உடம்பை நக்கி எச்சில் காய்வதால்தான் பெரும்பாலும் குளிர்கிறது. காற்றில் ஈரம் கூடினால் எச்சில் காயாது. அப்போது மிஞ்சுவது மூச்சு. இந்த இடத்தில்தான் இனங்களுக்குள் உள்ள உண்மையான வேறுபாடு தெரிகிறது. மெயின் கூனுக்கு நீண்ட முகவாய், திறந்த மூக்குத் துளை, உள்ளே காற்றைக் குளிர்விக்கப் போதிய மடிப்புகள். ‘பஞ்ச் ஃபேஸ்’ பெர்ஷியனுக்கு மூக்கு கண்களுக்கு நடுவே அமுங்கியிருக்கிறது. மூச்சு விடவே பாடுபடுகிறது. சித்திரை வைகாசியில் வாயைத் திறந்து இரைத்துக்கொண்டு மேசைக்கு வரும் பூனைகளைப் பற்றி யோசிக்க வேண்டியது முடி எவ்வளவு என்றல்ல, மூக்கு எவ்வளவு என்று. வெயிலைக் காரணம் காட்டி ஓர் இனத்தைத் தடுக்க வேண்டுமென்றால் நான் முதலில் தடுப்பது தட்டைமுகத்தை. மெயின் கூனுக்குக் காற்றோட்டமும், பல இடங்களில் தண்ணீரும், படுக்கக் குளிர்ந்த தரையும் போதும். முற்றமும் சிவப்புச் சிமெண்டுத் தரையும் உள்ள பழைய ஓட்டு வீடு அதற்கு நல்ல இடம். மேல்மாடியில் நேரடியாக வெயில் இறங்கும் கான்கிரீட் அறையில், மின்சாரம் போன மதிய வேளையில் பூட்டி வைத்தால் நாட்டுப் பூனையும் தாங்காது.

மொட்டை அடிப்பதற்கு நான் உடன்படாததற்குக் காரணம் உண்டு. மேல்முடி வெளிவெப்பத்தையும் ஓரளவு தடுக்கிறது, தோலை வெயிலிலிருந்தும் கீறலிலிருந்தும் காக்கிறது. காற்றைத் தடுப்பது மேல்முடி அல்ல. உதிர்ந்தும் வெளியேறாமல் உள்ளே தங்கிச் சடைபிடித்த முடி. பல் அகன்ற எஃகுச் சீப்பால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வாரினால் அது வந்துவிடும். மெயின் கூனின் முடி பெர்ஷியனைப் போல எங்கும் ஒரே நீளம் இல்லை: தோளில் குட்டை, வயிற்றிலும் பின்தொடையிலும் வாலிலும் நீளம், பட்டுப்போல வழுக்கும், ஆகவே சிக்கும் குறைவு. அக்குளும் காதுக்குப் பின்புறமும் வயிறும்தான் சடைபிடிக்கும் இடங்கள். ஆசனவாய்ப் பக்கம் மட்டும் கத்தரிப்பது தூய்மைக்கு நல்லது. கவலைப்பட வேண்டியது கோடையை விட ஐப்பசி, கார்த்திகையைப் பற்றி. வடகிழக்குப் பருவமழையில் வீடே ஈரமாகிக் கிடக்கும்போது நனைந்த முடி காயாமல், பூஞ்சை பிடித்துப் படர்தாமரை வரும். நீளமுடிப் பூனை வெளியே புண் தெரியாமலே அந்தப் பூஞ்சையைச் சுமந்து குழந்தைகளுக்குக் கொடுக்கும். வீட்டில் ஒரு குழந்தையின் கையில் வட்டமாகப் படை தோன்றினால் பூனையையும் காட்டச் சொல்வது எங்கள் வழக்கம்.

இப்போது இதயத்துக்கு வருகிறேன். இந்த இனத்தைப் பற்றி ஒன்றே ஒன்று மட்டும் சொல்ல அனுமதி உண்டென்றால் நான் சொல்வது இதைத்தான். இதயத் தசை தடித்து, ரத்தம் நிரம்ப வேண்டிய அறை சுருங்கிப்போகும் நோய் பூனைகளின் பெரிய இதய நோய். மெயின் கூனில் இதற்குக் காரணமான எம்.ஒய்.பி.பி.சி. 3 மரபணுவின் ஒரு மாற்றத்தை 2005-இல் கண்டுபிடித்தார்கள். பூனையில் இந்நோய்க்கு முதன்முதலில் கண்டறியப்பட்ட மரபணுக் காரணம் அது. பல நாடுகளில் சோதித்த மெயின் கூன்களில் மூன்றில் ஒரு பங்கு வரை அந்த மாற்றத்தின் ஒரு பிரதியாவது இருந்தது. ஒரு பிரதி இருந்தால் ஆபத்து சிறிது. இரண்டும் இருந்தால் ஆபத்து மிகப் பெரிது. நாட்டுப் பூனைக்கும்தானே இந்நோய் வருகிறது என்று சொல்பவர்கள் தவறாகச் சொல்லவில்லை: நலமாகத் தோன்றும் சாதாரணப் பூனைகளிலும் நூற்றுக்குப் பதினைந்து அளவுக்கு இது இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேறுபாடு இதுதான்: நாட்டுப் பூனையில் எங்கே தேடுவது என்று தெரியாது, மெயின் கூனில் தெரியும். தெரிந்தும் தேடாமல் இனம் பெருக்குவதற்கு எந்தச் சாக்கும் கிடையாது.

இந்நோய் டெல்டாவில் வேறு வேடத்தில் வரும். நேற்றுவரை ஓடிய பூனை திடீரென்று பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு அலறும். வயல் சூழ்ந்த ஊரில் வீட்டாருக்கு உடனே பாம்பு நினைவுதான் வரும், அது இயல்பு. ஆனால் இதய அறையில் உறைந்த ரத்தக்கட்டி பெருந்தமனி பிரியும் இடத்தில் போய் அடைத்தாலும் இதேதான் நடக்கும். பின்பாதம் சில்லென்று இருக்கும், பாத மெத்தை வெளிறியிருக்கும், தொடை நாடி கிடைக்காது, தொட்டால் தாங்க முடியாத வலி. கட்டுவிரியன் கடியில் தசை தளரும், பாதம் இப்படிக் குளிர்ந்துபோகாது. பாம்புக்கடி என்று நாட்டு மருந்து அரைத்துக்கொண்டு மணிக்கணக்கை இழப்பது மிகக் கொடியது. இன்னொன்று எங்களைப் போன்ற மருத்துவர்களுக்கு. கருத்தடை அறுவைக்குச் சிறிய மருத்துவமனைகளில் கெட்டமைனும் சைலசினும் பழகிய மயக்க மருந்துகள். கெட்டமைன் இதயத் துடிப்பை வேகமாக்கும். தடித்த இதயத்துக்கு நிரம்ப நேரமே கிடைக்காது. ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்கவில்லை என்று தைரியமாக இருக்கவும் முடியாது, ஏனென்றால் நோய் இருந்தும் முணுமுணுப்புக் கேட்காத பூனைகள் பல. ஆகவே மெயின் கூனுக்கு அறுவைக்கு முன் எக்கோ என்ற இதய ஸ்கேன் பார்க்க வேண்டும். முடியாதபோது கெட்டமைனைத் தவிர்த்து மயக்கத்தைத் திட்டமிட வேண்டும்.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை, இதயத்தோடும் எலும்போடும் அது சேர்வதால். தயிர் சாதமும் பால் சோறும் பூனையை வளர்க்காது. டாரின் என்ற அமினோ சத்து இறைச்சியிலும் மீனிலும் இருப்பது. அது குறைந்தால் பூனையின் இதயம் தளர்ந்து விரியும் என்பது 1987-இல் நிறுவப்பட்டது. வேகவைத்த கோழிச் சதையை மட்டும் போடுவதும் சரியல்ல: சுண்ணாம்புச் சத்து இல்லாமல் பெரிய எலும்புக் குட்டியின் கால்கள் வளைந்து பின்பக்கம் தள்ளாடும். இந்த இனத்தில் முதுகுத்தண்டு நரம்பு நசியும் ஒரு பரம்பரை நோயும் மூன்று நான்கு மாதக் குட்டியில் இதே தள்ளாட்டமாகத்தான் தொடங்குகிறது. அதற்கும் மரபணுச் சோதனை உண்டு. நாகப்பட்டினத்து மீன் மலிவாகக் கிடைக்கிறதென்று பச்சையாகவே தினமும் போடுபவர்கள், சில மீன்களில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் நொதி இருப்பதை நினைவில் கொள்ள வேண்டும். வேகவைத்தால் அந்த நொதி அழிந்துவிடும்.

இத்தனை கவனம் வேண்டிய பூனை எதற்கு, நாட்டுப் பூனை போதாதா என்று கேட்பவர்களோடு நான் பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். நெல்மூட்டை அடுக்கிய வீட்டுக்கு, எலி பிடிக்க, நாட்டுப் பூனையே சரி. மெயின் கூனும் எலிப்பூனையின் வழிவந்ததுதான் என்றாலும், வயலில் சிங்க் பாஸ்பைடும் புரோமடியலோனும் வைக்கிற காலத்தில் அதை வெளியே விடக்கூடாது. விஷம் தின்ற எலியைத் தின்னும் பூனை அதே விஷத்தில் சாகும். ஆனால் இந்த இனம் இங்கே வந்துவிட்டது. மனிதரோடு ஒட்டி, அறைக்கு அறை பின்தொடர்ந்து, தண்ணீரைக் காலால் தட்டிப் பார்த்து, பெரிய உடம்புக்குப் பொருந்தாத மெல்லிய குரலில் பேசும் இதை விரும்புகிறவர்கள் வாங்கத்தான் செய்வார்கள். கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தால், வாங்கியவர் எங்களிடம் வருவது தாமதமாகும். அவ்வளவுதான் நடக்கும்.

மிஞ்சுவது செலவு. மரபணுச் சோதனையும் எக்கோவும் எல்லாருக்கும் கட்டுப்படியாகாது என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது, ஆனால் செலவு யார் தலையில் விழ வேண்டும் என்பதைத்தான் அது குழப்புகிறது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்த மாதிரியே சோதனைக்குப் போதும். கடுவனும் பெட்டையும் அந்த மாற்றம் இல்லாதவை என்று ஒருமுறை உறுதியானால் அவற்றின் குட்டிகள் எதற்கும் அந்தச் சோதனை தேவையில்லை. இனம் பெருக்குகிறவர் இரண்டு பூனைக்குச் செய்யும் செலவு, வாங்குகிற பல குடும்பங்களின் செலவை மிச்சப்படுத்துகிறது. அந்த மாற்றம் இல்லை என்ற தாள் இதய நோயே வராது என்ற உறுதிமொழி அல்ல, வேறு காரணங்களும் உண்டு. ஆகவே குட்டி எடுக்கும் பூனைகளுக்கு ஆண்டுக்கொரு முறை எக்கோவும் வேண்டும். குட்டி வாங்கப் போகிறவர் நிறத்தையும் முடியையும் பார்ப்பதற்கு முன் தாய், தந்தை இரண்டின் சோதனைத் தாளையும் கேட்கட்டும். தாள் இல்லையென்றால் அந்த இடத்தில் வாங்க வேண்டாம்.